மூன்றாம் முறை

கார்த்திகை முதல் தேதி, மாயவரம், முடவன் முழுக்கு.
காலம் தப்பி வந்தவனுக்கும் பலன் உண்டென்று
காவிரியில் முழுகிய கூட்டம்
ஈரத்துணி சொட்டச் சொட்டக்
கொட்டகைக்குள் நுழைந்தது.
தரை இரண்டணா, பெஞ்சு நாலணா, நாற்காலி ஒரு ரூபாய்.
அய்யாரப்ப மழவராயர் உட்காரும் நாற்காலிக்கு
விலை கிடையாது.

கூரை மூன்று இடத்தில் ஒழுகியது,
ஒரு சொட்டு என் கிரீடத்தில்.
கியாஸ் விளக்கைச் சுற்றி ஈசல்.
கடலைத்தோல் நொறுங்கும் சத்தம்,
சோடாக் கோலி உள்ளே விழும் சத்தம்.
துப்புவதற்கு எழுந்த ஒருவனை
"உக்காருடா, ராஜா தெரியல" என்று
வேட்டியோடு இழுத்து உட்காரவைத்தார்கள்.

நான் இளவரசன் சுகந்தன்.
மூன்றாம் அங்கத்தில் அம்பு பட்டுச் சாகிறவன்.
மூங்கில் அம்பு.
அக்குளில் இடுக்கிக்கொண்டால்
மார்பில் பாய்ந்ததாகக் கணக்கு.
பாய்ந்த பிறகு பதினான்கு அடி பாடவேண்டும்.
அதுவரை உயிர் பொறுத்துக்கொள்ளும்.

அன்று நன்றாகவே செத்தேன்.
"அம்மா" என்று மேலே போய்
அங்கிருந்து அப்படியே விழுந்தேன்.
கண்ணை மூடியதும் முன்வரிசையில்
ஒரு மோதிரக் கை நாற்காலியைத் தட்டியது:
"ஒன்ஸ்மோர்!"

எழுந்தேன். அம்பைச் சரிசெய்துகொண்டேன்.
என் பிணத்தின்மேல் விழுந்து அழுத மகாராணி
(நடேசு, என்னைவிட இரண்டு வயது மூத்தவன்)
அழுகையை நிறுத்தி ஒதுங்கி நின்று
மீசை அரும்பும் இடத்தைச் சொறிந்தான்.
சின்னப்பு ஹார்மோனியத்தை மிதித்தார்.
பதினான்கு அடி. அம்மா. விழுந்தேன்.

மறுபடியும் அதே மோதிரம், அதே தட்டல்.
இந்தமுறை தரையிலிருந்து ஒரு குரல்:
"செத்தவன சாக விடுங்கய்யா!"
சிரிப்பு. விசில்.
பெஞ்சு பெஞ்சுக்காரனை முறைத்தது.
ஒரு ஈரத்துண்டு பறந்து வந்து
அரண்மனைத் தூணில் ஒட்டியது.
மழவராயரின் ஆட்கள் எழுந்தார்கள்.
வாத்தியார் திரையை இறக்கச் சொன்னார்.
திரை பாதியில் சிக்கிக்கொண்டது.

அப்போதுதான்
பெண்கள் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால்,
"ஒன்சுமூரு."

கொட்டகையே சிரித்தது.
"ஒன்சுமூரு" என்றது அந்தக் குரல், மறுபடியும்.
பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டு
"அந்தப் புள்ளைய எந்திரிக்கச் சொல்லுங்க."

சிரிப்பு முதலில் நின்றது பெண்கள் பக்கத்தில்.
யாரோ யாரிடமோ சொன்னார்கள்:
கூறைநாட்டுக் கனகு. ஆடி வெள்ளத்துல
மேற்கொண்டு சொல்லவில்லை.
பிணமாகக் கிடப்பவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பக்கத் தட்டியில் வாத்தியார்
விரலை ஆட்டினார்: எழாதே.
கம்பெனியில் அந்த விரலுக்கு மேல் தெய்வமில்லை.
எழுந்தேன்.

ஹார்மோனியம் வரவில்லை.
எந்த அடி என்று தெரியாமல்
நடுவிலிருந்து பாடினேன்.
"அம்மா" வந்தபோது
ஆறு மாதமாக வாத்தியார் பயந்துகொண்டிருந்தது நடந்தது.
குரல் இரண்டாகப் பிளந்தது.
ஒரு பாதி மேலே போகவில்லை,
மறு பாதி யாருடையதோ.

யாரும் சிரிக்கவில்லை.
மோதிரம் தட்டவில்லை.
எப்படிச் சாவது என்று எனக்கு மறந்துவிட்டது.
நின்றுகொண்டே இருந்தேன்,
சிக்கிய கயிற்றை யாரோ அறுத்து
திரை தொப்பென்று விழும்வரை.

அடுத்த ஊர் திருவாரூர்.
சீர்காழியிலிருந்து புதுப் பையன் வந்தான்,
என்னைவிட நன்றாகச் சாவான்.
எனக்கு வாயிற்காவலன் வேஷம்,
ஈட்டி, ஒரே வசனம்: "உத்தரவு மகாராஜா."
சம்பளம் பாதி.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
திரை விழுமுன் தட்டிக் கிழிசலில்
ஒரு கை மட்டும் தெரிந்தது.
அதில் ஒரு கடலைப் பொட்டலம்,
பிரிக்காதது.